ஐந்நூறைத் தாண்டாத பில்

அட்டுவம்பட்டி,
ஜனவரி 19.

அன்பு மகள் அமலிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் வழக்கம்போலக் கை போனது. முழுவதும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போன் இருக்கும்போது அப்பாவுக்கு ஏன் கடிதம் என்று கேட்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் நான் எங்கே நின்று பேசினாலும் உன் அம்மா காதில் விழும். அதனால் கார் நிறுத்தத்தில் டிக்கெட் கிழிக்கிற நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். படித்ததும் அழித்துவிடு.

பத்து நாளாக உறைபனி. காலையில் புல் வெளுத்துக் கிடக்கிறது. நீ அனுப்பிய கம்பளி சாக்ஸை அம்மா பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாள், போட்டால் கிழிந்துவிடுமாம்.

கரண்டு பில்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். போன தடவை அறுநூற்றைம்பது யூனிட். அம்மாவின் ஆக்சிஜன் மிஷின் இராப்பகலாக ஓடினால் அப்படித்தான் வரும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு யூனிட் தின்கிறது. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. முதல் நூறு யூனிட் இலவசம், பிறகு படிப்படியாக ஏறும். ஆனால் ஐந்நூறைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே மலிவாகக் கிடைத்ததற்கும் சேர்த்து விலை ஏறிவிடும். பள்ளிக்கூட ஸ்டோரில் முப்பது வருஷம் கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா? காலண்டர் தாளின் பின்னால் போட்டுக் காட்டி அம்மாவுக்கு இரண்டு நாள் பாடம் நடத்தினேன். அவள் என் பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. பெருமையாகக்கூட இருந்தது.

கீசரை நிறுத்தினேன். வெளியே விறகு மூட்டி நானே வெந்நீர் போட்டேன். பழைய பல்புகளை மாற்றினேன். போன வாரம் ரீடிங் எடுக்க சேனாதிபதி வந்தார். நானூற்று நாற்பது! நாலு வீடு தள்ளி இருக்கிற முருகேஸ்வரி வீடு வரைக்கும் போய் என் சாமர்த்தியத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். சேனாதிபதி மட்டும் கிளம்பும்போது, அம்மாவுக்குக் குணமாகி மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா என்று விசாரித்தார். இல்லையே என்றேன். அவர் மீட்டரை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் வேலையில் இருக்கும்போதுதான் அது உறைத்தது. போன தடவையைவிடக் குறைந்திருப்பது இருநூற்றுப் பத்து யூனிட். கீசருக்கு அறுபது, பல்புக்குப் பத்து. மீதி நூற்று நாற்பது எங்கே போனது? நாளுக்கு ஏழு மணி நேரம் மிஷின் ஓடாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். நான் எட்டு மணிக்கு வேலைக்கு வந்து மூன்று மணிக்கு வீடு திரும்புகிறேன், பாப்பா.

டிக்கெட் கட்டைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். மணி பதினொன்று. வாசலில் வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம். உள்ளே மிஷின் சில்லென்று கிடந்தது. நீ அனுப்பிய ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை அவள் விரலில் மாட்டிப் பார்த்தேன். எண்பத்தொன்று. தொண்ணூறுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று நர்ஸான நீதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாய். மூன்று மணிக்கு என் செருப்புச் சத்தம் கேட்டதும் மிஷினைப் போட்டுவிடுவாளாம்.

எனக்குக் கோபம் வந்தது, கத்தவும் செய்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "ஐநூறத் தாண்டுனா எல்லாத்துக்கும் ரேட் ஏறும்னு நீங்கதானங்க சொன்னீங்க. அங்க புள்ள குளிர்ல ஹீட்டரப் போடாமக் கெடக்கு, நமக்கு அனுப்புறதுக்கு."

அயர்லாந்தில் ஹீட்டர் போட்டால் பில் பயமாக இருக்கிறது, ஜாக்கெட்டோடு தூங்குகிறேன் என்று நீ விளையாட்டாகச் சொன்னதை அவள் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நீ விளையாட்டாகச் சொன்னாய், நான் பாடமாகச் சொன்னேன். இரண்டையும் கூட்டி அவள் ஒரு கணக்குப் போட்டுவிட்டாள். உன்னைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலண்டர் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

இப்போது முருகேஸ்வரி பத்து மணிக்கு ஒரு தடவை, ஒரு மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறாள். ஆனால் அம்மா பிடிவாதக்காரி, உனக்குத் தெரியும். காவல் போட்டு எத்தனை நாள் மூச்சு விடவைக்க முடியும்? நீதான் செய்ய வேண்டும். ஹீட்டரைப் போடு. போட்டேன் என்று சும்மா சொன்னால் நம்ப மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போது ஜாக்கெட் இல்லாமல் உட்கார். ஹீட்டர் மேல் கையை வைத்துக் காட்டு. பணம் கொஞ்சம் குறைத்து அனுப்பு, நான் சமாளித்துக்கொள்வேன்.

பூசையில் எனக்காக ஒன்று வேண்டிக்கொள். கீசரும் பல்பும் மிச்சம் பிடித்தது போக, அடுத்த பில் ஐந்நூற்றெண்பதுக்கு ஒரு யூனிட்கூடக் குறையாமல் வரட்டும்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
ஆக்னல்.