செவ்வாய்க்கிழமை வந்து நிற்கச் சொன்னவர்

அன்பு மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் அடம் பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, கிடைத்த நேரத்தில் தூங்கி, நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஏழு வயதில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? இந்த வீட்டுக்குக் குடி வந்த மறுநாள், திங்கட்கிழமை காலை, சுவரில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா, வீட்டுக்குக் குளிருதா, ஏன் நடுங்குது?" என்றாய். புது ஆட்களைப் பார்த்து வெட்கப்படுகிறது என்று எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவிட்டேன். முப்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளின் கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவள், உனக்கு மட்டும் உண்மையான பதிலைச் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நாலு வருடமாக மாடி வீட்டுப் பிள்ளைகள் குதிக்கிற குதியில், இரவு டூட்டி முடித்து வந்து பகலில் கண்ணை மூட முடியாமல் நீ படுகிற பாடு எனக்குத் தெரியும். நோயாளிக்கு ஊசி போடுகிற கை தூக்கக் கலக்கத்தில் நடுங்குகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை உன் அப்பா இரண்டு தரம் படித்தார். இப்போது கண்ணுக்குப் பிடித்த வீடு ஒன்று விலைக்குக் கிடைத்திருக்கிறது, நடுவில் ஆள் எதற்கு, நேராகவே முடித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார், மாப்பிள்ளையும் அதையே சொல்கிறார், உன்னோடு வேலை பார்க்கிற நர்ஸ் மட்டும் தனக்குத் தெரிந்த தரகர் அம்மாவைக் கூட்டிப் போகச் சொல்கிறாள். யார் பேச்சைக் கேட்பது என்றுதானே உனக்குக் குழப்பம்? குழம்புவதில் தப்பே இல்லை கண்ணு, நாங்கள் குழம்பாமல் முடிவெடுத்ததுதான் தப்பாகப் போயிற்று.

அப்போது எங்களுக்கு வீடு காட்டியவர் ஒரு தரகர். வெயிலோ மழையோ கையில் குடை இல்லாமல் பார்க்க முடியாது, அதனால் எங்களுக்கு அவர் குடைக்காரர். மூன்று வீடு காட்டினார், மூன்றிலும் நான் ஏதாவது நொட்டை சொன்னேன், முகம் சுளிக்கவில்லை. அந்தச் சமயத்தில் உன் அப்பாவின் அச்சகத்தில் ஒருவர் இந்த வீட்டைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைதான், ஆகவே மூன்று ஞாயிறு வந்து பார்த்தோம். தண்ணீர் எப்படி, வெயில் எந்தப் பக்கம், பள்ளிக்கு எத்தனை நிமிடம் என்று பரீட்சை வைப்பது போலக் கேட்டேன். பின்சுவரை ஒட்டி ஷட்டர் போட்ட கொட்டகையைப் பார்த்து, ஏதோ கிடங்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். குடைக்காரருக்கு விஷயம் தெரிந்து பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். அந்த வீட்டைக் கொஞ்சம் யோசியுங்கள் என்றார். மற்ற டீச்சர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "கமிஷன் போச்சேன்னு வீட்டைக் குறை சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை, "ஒரு செவ்வாக்கிழமை வந்து நில்லுங்க டீச்சர், அவ்வளவுதான்" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் போகவில்லை. அந்தக் கொட்டகை டப்பா மூடிக்குத் தகடு அடிக்கிற பட்டறை, திங்கள் முதல் சனி வரை ஓடும். வீடு நடுங்கியது அதனால்தான். நானும் நீயும் பகலில் பள்ளிக்குப் போய்விட்டோம், இரவு ஷிஃப்டில் பிழை திருத்திவிட்டு வந்த உன் அப்பாதான், பட்டறை இடம் மாறும் வரை பதினோரு வருடம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தார். ஒரு நாள் கூட என்னைக் குத்திக் காட்டியதில்லை. இப்போது பக்கத்து அறையிலிருந்து, "உங்கம்மாகிட்ட போய் தரகரைப் பத்திக் கேக்கறியே, அவ தரகரை விரட்டினவ" என்று சிரிக்கிறார், அதையும் எழுதச் சொல்கிறார்.

பல வருடம் கழித்து குடைக்காரரை பாங்கில் பார்த்தேன், அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர், கமிஷன் போச்சேங்கற வயித்தெரிச்சலும் இருந்துச்சு, பட்டறையும் இருந்துச்சு" என்றார். அவருக்குக் கமிஷன் மேல் ஆசை இருந்ததாலேயே அவர் சொன்னது பொய்யாகிவிடாது என்பது எனக்கு அந்த வயதில் விளங்கவில்லை. அதற்காகத் தரகர் என்று வந்தவரையெல்லாம் நம்பச் சொல்லவில்லை. உன் சித்திக்கு வாய்த்தவர் விற்கிறவருக்கும் அவரே, வாங்குகிறவருக்கும் அவரே, கேள்வித்தாள் தயாரித்தவரிடமே டியூஷன் போன கதைதான், டியூஷனில் அவர் சொல்லாமல் விட்டதெல்லாம் பரீட்சையில் வந்தது. நீ பார்க்கப் போகிற தரகர் அம்மா யார் பக்கத்து ஆள் என்று வெளிப்படையாகவே கேட்டுவிடு, கேட்டால் மரியாதைக் குறைவு இல்லை. மாப்பிள்ளையிடம் சண்டை வேண்டாம், இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு, மாமியார் அடித்த கூத்தைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை. மாதக் கடைசிக்குள் முடித்தாக வேண்டும் என்று உங்களை யார் அவசரப்படுத்தினாலும் சரி என்று சொல்லிவிடாதே.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். சத்தமில்லாத வீடும் நிம்மதியான தூக்கமும் உனக்கு அமையட்டும். டூட்டியில் நின்று நின்று வலிக்கிற உன் காலுக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்க மறந்துவிடாதே.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் செய்து பார். ஒரு வேலை நாள் காலை பத்து மணிக்கு அந்தத் தரகர் அம்மாவோடு அந்த வீட்டுக்குப் போய், அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, படுக்கையறைத் தரையில் கண்ணை மூடிக் கால் மணி நேரம் படு. வீடு எப்படி என்று உன் முதுகு சொல்லும், அந்தக் கால் மணி நேரம் கதவைத் தட்டாமல் இருக்கிறாரா என்பதிலேயே தரகர் எப்படி என்றும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை வீடு வாங்கிய
உன் அம்மா