சுக்குக் குவியலில் விழுந்த வளையல்

அன்புள்ள மாமாவுக்கு, இசக்கியம்மா எழுதுறது. நான் இங்க சுகமா இருக்கேன். உங்க கால் வலி எப்படி இருக்கு? நம்ம பிள்ளைங்க நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா?

இங்க கொச்சி மட்டாஞ்சேரியில மழை விடல. குடோனுக்குள்ளேயே உட்கார்ந்து சுக்கு பொறுக்குறோம். போன வாரம் ஒரு வேடிக்கை. என்கூட வேலை செய்யுற சகீலாவோட வளையல் கையை விட்டுக் கழன்று சுக்குக் குவியல்ல விழுந்துட்டுது. எல்லாருமா கிளறித் தேடி எடுத்தோம். "மெலிஞ்சு அழகாயிட்டே"ன்னு அவளைக் கேலி பண்ணினாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல. குடம் குடமா தண்ணி குடிப்பா, அடிக்கடி பாத்ரூம் போவா. கேட்டா, "சுக்குத் தூசி, தொண்டை வறளுது"ம்பா. இங்க எல்லாருக்கும்தான் தொண்டை வறளுது, வளையல் கழலலியே!

திட்டித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சர்க்கரை நிறைய இருக்காம். அழுதுட்டா, பாவம். "இப்பவாவது வந்தீங்களே, மாத்திரையை விடாம சாப்பிட்டு, சாப்பாட்டையும் பார்த்துக்கிட்டா நல்லா இருக்கலாம்"னு டாக்டரம்மா தைரியம் சொன்னாங்க. அவளுக்குத் துணையா நானும் இப்ப இனிப்பில்லாத சாயாதான் குடிக்கிறேன். வாய்க்கு ருசிக்கவே இல்ல.

ஊர்ல இருந்து யாராவது வந்தா முறுக்கு கொடுத்து விடுங்க, கருப்பட்டி வேண்டாம். பீரோவுல கல்யாணத்துக்கு முந்தி நான் போட்டிருந்த சின்ன வளையல் இருக்கும், அதையும் அனுப்புங்க. இப்ப போட்டிருக்கிறது வேலை செய்யும்போது கழன்று கழன்று வருது.

இதை எழுதிட்டு என் கையையே பார்த்துக்கிட்டு இருக்கேன், மாமா. நாளைக்கு சகீலாவைத் துணைக்குக் கூட்டிட்டு நானும் சர்க்கரை பார்த்துட்டு வந்துடுறேன்.

உங்க இசக்கி