என் விசாவை ரத்து செய்த வாப்பாவுக்கு

வாப்பா,

இன்று காலை உங்கள் விசாவை ரத்து செய்துவிட்டு வந்தேன். ஆள் மவுத்தானாலும் விசா தானாகச் சாவதில்லை. யாராவது போய்க் கேட்டால்தான் சாகும். ஷார்ஜா முவைலாவில் நம் கடைக்கு எதிர்வரிசையில், விசா மனுக்கள் தட்டிக்கொடுக்கும் அதே டைப்பிங் சென்டர். கவுண்டரில் இருந்த மலையாளி உங்கள் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, "ஷூ கடை பாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் வருத்தப்பட்டார், கீபோர்டில் கொஞ்சம் தட்டினார், வேலை முடிந்தது. அட்டையில் இன்னும் உங்கள் அத்தர் மணம் இருந்தது. சட்டைப் பையிலேயே வைத்திருப்பீர்கள்.

என்னுடையதையும் நீங்கள் இங்கேதான் ரத்து செய்தீர்கள். அது எவ்வளவு லேசான வேலை என்று இன்றுதான் பார்த்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச்சொல்லி ஊர் ஜமாத்தின் வாட்ஸப் குழுவில் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் எழுதட்டும். லேபர் கேம்ப் ஆட்களுக்கு சேஃப்டி ஷூ விற்றவர், காசு இல்லை என்றால் சம்பளத்துக்குப் பிறகு தா என்று சொல்லி அனுப்பியவர். எல்லாம் உண்மைதான். வீட்டுக்கு வெளியே நீங்கள் தங்கம்.

இங்கே கிளை திறந்திருந்த ஒரு வெளிநாட்டுக் கல்லூரியில் எனக்கு முழு உதவித்தொகை கிடைத்தது, அதனால் சேர்த்தீர்கள். ஸ்பானிஷ் இலக்கியம் எடுக்கிறேன் என்றபோது நீங்கள் கோபப்படக்கூட இல்லை, சிரித்தீர்கள். அதன்பிறகு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து யார் சாப்பிட வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவீர்கள். "ஏதாச்சும் பேசு புள்ள, கேப்போம்" என்பீர்கள். நான் ஸ்பானிஷில் ஒரு வரி சொல்வேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "கிளி மாதிரி இல்ல?" என்று விருந்தாளியைக் கேட்பீர்கள். எனக்கு முகமெல்லாம் எரியும். சோறு பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

கடைசி வருஷத்தில் ஆனர்ஸ் ஆய்வு எழுதினேன். பட்டத்துக்கு அது தேவையே இல்லை. விரும்பினவர்கள் மட்டும் எழுதி, மூன்று ஆசிரியர்கள் முன்னால் நேரில் உட்கார்ந்து பேசி நிலைநிறுத்தினால், பட்டத்தோடு அந்த ஒரு சொல் சேரும். யாரும் கேட்காத வேலை என்பதாலேயே எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. அதுவரை எல்லாமே யாரோ சொல்லித்தான் செய்திருந்தேன். பழைய ஸ்பானிய நாடகங்களில் ஆண் வேடம் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போகும் பெண்களைப் பற்றி எழுதினேன். படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும். நூலகத்தில் என்னைப் பலமுறை முறைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் வாப்பா ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். "என்னமா எழுதுறிய?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நானும் மரியாதையாக, உள்ளதைச் சொன்னேன். அவர் கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். "நாடகந்தான் பாய், சும்மா நாடகம்" என்று நீங்கள் சிரித்தீர்கள். அவர் போனதும் சிரிப்பு போய்விட்டது.

"ஓடிப்போன சிறுக்கியள பத்தித்தான் எழுதிக்கிட்டிருக்கியா?"

"எழுதி முடிச்சிட்டேன் வாப்பா. போய்ப் பேசுறதுதான் பாக்கி."

"பேசிக் கிழிச்ச" என்றீர்கள்.

விசா ரத்தான செய்தி போனில் வந்தபோது நான் நூலகத்தில் இருந்தேன். ஏதோ தவறு என்று நினைத்துக் கடைக்கு ஓடிவந்தேன். நீங்கள் கீழே உட்கார்ந்து ஒரு நேபாளியின் காலுக்கு ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "டைட்டா இருக்கா பாய்?" என்று அவரிடம் ஹிந்தியில் கனிவாகக் கேட்டீர்கள். அப்புறம் என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஒனக்கு கஃபீல் யாரு, விசாவுக்குப் பொறுப்பு யாரு? நான்தான. கலாஸ், முடிஞ்சிச்சு. உம்மாவோட ஊருக்குப் போ."

"இன்னும் மூணு வாரந்தான் வாப்பா."

"டிகிரி வந்துரும்ல? அந்த உபரி எதுக்கு?"

கல்லூரியே விசா எடுத்துத் தரும், பாஸ்போர்ட்டை மட்டும் கொண்டு வா என்று என் பேராசிரியை சொன்னார். பாஸ்போர்ட் உங்கள் கடை லாக்கரில், கடை ஆட்களின் பாஸ்போர்ட்டுகளோடு ஒரே ரப்பர் பேண்டில் கிடந்தது. உங்கள் காலைப் பிடித்தேன். சாவியைத் தரவில்லை. விமான நிலையத்தில் அதை உம்மாவின் கையில்தான் கொடுத்தீர்கள். நான் பேச வேண்டிய நாளில் ஊரில் தையல்காரிக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றேன். அந்தச் சம்பந்தமும் நின்றுபோனது. ஆனர்ஸ் இல்லாத என் பட்டம் கூரியரில் வந்ததும் அதற்குச் சட்டம் போட்டு, ஷூ பெட்டிகளுக்கு மேலே மாட்டினீர்கள்.

சில வருஷம் கழித்து ஜெபல் அலி துறைமுகத்தில் வேலை கிடைத்து, என் சொந்த விசாவில் திரும்பி வந்தேன். ஆலிவ் எண்ணெய் கண்டெய்னர் எங்கே நிற்கிறது என்று ஸ்பெயின்காரர்களுக்கு ஸ்பானிஷில் பதில் எழுதுகிற வேலை. "எம் மவளப் படிக்க வச்சது நான்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டீர்கள். ஒருநாளாவது, தப்புப் பண்ணிட்டேன் புள்ள என்று சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். தினமும் காரில் கடைக்குக் கொண்டுவிட்டதெல்லாம் அதற்காகத்தான். நீங்கள் ஏசி வைக்கச் சொன்னீர்கள், ஏசி குறைக்கச் சொன்னீர்கள். அதைச் சொல்லவில்லை.

போன நோன்பில் ஒருநாள் அதே காரில் வேறொன்று சொன்னீர்கள். "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இந்த மணல்ல போட்டுறாத மா. ஊர் மையவாடியில, எங்க வாப்பா பக்கத்துல அடக்கச் சொல்லு." உங்கள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. சரி வாப்பா என்றேன்.

நீங்கள் போன அன்று ஊரிலிருந்து என் அண்ணன், காக்கா, போன் செய்தார். "வாப்பா வசியத்து, கடைசி ஆசைன்னு ஏதும் சொன்னாஹளா?"

"ஒண்ணும் சொல்லல காக்கா. மையத்த வச்சிருக்கக் கூடாது. இங்கயே அடக்கிருவோம்."

சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. பெண்பிள்ளையாக இருந்தும் எவ்வளவு உறுதி, எவ்வளவு மார்க்கம் தெரிந்தவள் என்று எல்லாரும் மெச்சினார்கள். ஷார்ஜா மணலில் உங்களை அடக்கினார்கள். அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆனால் அடி உங்களுக்கு விழவில்லை. உம்மாவுக்கு விழுந்தது. தினமும் போன் செய்து அழுகிறார். "எட்டாத தூரத்துல கெடக்குறாஹளே. ஊருல இருந்தா நான் அந்தப் பக்கமாச்சும் நடந்து போவேன்ல" என்கிறார். "கடைசியா ஊரப் பத்தி ஒத்த வார்த்தகூடவா சொல்லல?" என்று கேட்கிறார். இல்லை உம்மா என்கிறேன். நேற்றும் சொன்னேன், நாளையும் சொல்லத்தான் போகிறேன். உம்மா மூக்கைச் சிந்துகிற சத்தம் போனில் கேட்கும். அப்போது எனக்கு உங்கள் முகம்தான் இருக்கிறது, வாப்பா. கண்ணாடி பார்க்க வேண்டியதே இல்லை.

உங்களை நான் மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை. உம்மாவிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போக முடியாது, சிரிக்கவும் முடியாது. கேட்டுக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.