பின் டயர்

நவம்பர் 3, திங்கள்
இன்று 'ஞ' ஒரே தடவையில் வளைந்து கொடுத்தது. எழுபத்தொரு வயதில் எழுதப் படிக்கக் கற்பதில் இப்படி ஒரு சந்தோஷம்! இந்தக் குறிப்புகளை மட்டும் இன்னும் போனில் பேசித்தான் பதிகிறேன்.

மருமகள் குமுதா பிசிக்ஸ் தேர்வுக்குப் படிக்கிறாள். தேறினால்தான் தொழிற்சாலையில் டெக்னீசியன் வேலை. போன வருஷம் உராய்வுக் கேள்விகளில் கோட்டை விட்டாளாம். கேள்வி பதில்களை எனக்காகத் தமிழில் அட்டைகளில் எழுதியிருக்கிறாள். நான் எழுத்துக் கூட்டிக் கேட்கிறேன்.

"மாமா, நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிரும் லா."

நவம்பர் 5
ஒன்பதாவது அட்டை. ஈரச் சாலையில் தேய்ந்த டயர் ஏன் வழுக்குகிறது? பின்பக்கம் பதில்: டயரின் பள்ளங்கள் நீரை வெளியே தள்ளும். அவை தேய்ந்தால் டயருக்கும் சாலைக்கும் நடுவே நீர் நிற்கும். உராய்வு குறையும்.

மூன்று முறை படித்தேன். 

போன மாதம் அவள் தன் மோட்டார் சைக்கிளின் பின் டயரை மாற்றப் போனாள். நான்தான் தடுத்தேன். "முப்பது வருஷம் லோரி ஓட்டினவன் சொல்றேன். மொட்டை டயர்தான் ரோட்டை முழுசா புடிக்கும்." லோரிக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான். வெயிலுக்குச் சரி. மழைக்கு?

நவம்பர் 6
மழை. குமுதா பந்திங் சாலையில் வரவேண்டும். ஏழு மணி ஆகியும் காணோம்.

வந்துவிட்டாள். நனைந்திருந்தாள். டயரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
"என்ன மாமா?"
"ஒன்னுமில்ல. சாப்பிடு."
சீ, நானும் ஒரு மனுஷனா?

நவம்பர் 9
ஒன்பதாவது அட்டையைக் கேட்டேன். பதிலைக் கடகடவென்று சொன்னாள். பிறகு, "ஆனா இத எழுதினவன் லோரி ஓட்டியிருக்க மாட்டான், இல்ல மாமா? பரீட்சைக்கு இது, ரோட்டுக்கு நீங்க சொன்னது."

புத்தகத்தைவிட என்னை நம்புகிறாள். 

நவம்பர் 10
நாளை தேர்வு. மேற்கே கறுத்துக் கிடக்கிறது. வாய் வரவில்லை. கை வருமா?

இதை எழுத ஒரு மணி நேரம் ஆனது:
'குமுதா, அட்டைதான் சரி. நான் சொன்னது தப்பு. மோட்டாரை எடுக்காதே. மாமா.'
அவள் ஹெல்மெட்டுக்குள் வைத்தேன். பார்ப்பாளா? பார்க்காமல் மாட்டிக்கொண்டால்?

நவம்பர் 11
கொட்டுகிறது. குமுதா தேர்வுக்குப் போய்விட்டாள்; ஹெல்மெட் ஆணியில் தொங்குகிறது. உள்ளே தாள் இல்லை.

நவம்பர் 15
டயர் கேள்வி வந்ததாம். எழுதினாளாம். என் தாளைப் பற்றிப் பேசவில்லை. டயர் கடைக்கு வரச் சொன்னாள்.

கடைக்கார சிவநேசன் பழைய டயரைத் தட்டிப் பார்த்தான். "அங்கிள், இது இன்னும் ஓடும் லா. நல்லா புடிக்கும்."

குமுதா என்னைப் பார்த்தாள்.

"மாத்து," என்றேன்.

புது டயரில் பூனை மீசை மாதிரி ரப்பர் முடிகள். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன்.