கோப்பிச் செடியைப் பிடுங்க வந்தான்

ஐப்பசி, வியாழன். கொஸ்லந்த.

காலையில் கொழுந்தன் குமார் மண்வெட்டியோடு வந்தான். "கோப்பிக்கு ஏதோ நோய் அண்ணி. புடுங்கிட்டு மிளகு வைப்போம்" என்றான். கல்யாணமான வருடம் என் வீட்டுக்காரர் வைத்த செடிகள் அவை. முதன்முதலாகப் பூத்தபோது, வாசம் வரட்டும் என்று அந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைத்தார். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

நான் பிடுங்க விடவில்லை. விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டேன். அவர் வந்து இலைகளைப் புரட்டிப் பார்த்தார்.

"நோய் இல்லீங்க. சுண்ணாம்புச் சத்து கொறவு. அது பழைய இலையிலேயே தங்கிரும், கொழுந்துக்கு வராது. கொழுந்து ஓரம் மஞ்சளாகி சுருண்டா, வெயில வாங்கி சாப்பாடு செய்ய முடியாது. செடி வளராம நின்னுரும். டொலமைட் சுண்ணாம்புத் தூள் போடுங்க, இனி வர்ற கொழுந்து நல்லா வரும்."

அவர் போன பிறகும் குமார் முகம் தெளியவில்லை.

"இதப் பாத்தாலே அண்ணன் ஞாபகம் வருது அண்ணி. அதான் புடுங்கிரலாம்னு..."

"எனக்கும் அதே ஞாபகந்தான் குமாரு. அதான் விடல."

குமார் போய் டொலமைட் வாங்கி வந்தான். மழைக்கு முன்னால் இருவருமாகத் தூவி முடித்தோம். வேலை முடியும்வரை அண்ணனைப் பற்றியே பேசினான். இரண்டு வருடத்தில் இன்றுதான் அவரைப் பற்றி வாய் திறந்தான்.