தேதி பார்க்காத காகிதம்

உன் பை என் மேசைமேல் கிடக்கிறது. தி.நகர் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. பிய்ந்த காதை நீயே பச்சை நூலால் தைத்திருக்கிறாய், அதுவும் கோணலாக. திறந்தால் நீ முதுகுக்குத் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசனை இன்னும் அடிக்கிறது. போன வாரம் உன் மனைவி கொண்டுவந்து கொடுத்தார். "உங்களுக்கும் இப்போ அதே வைத்தியம்தான்னு கேள்விப்பட்டேன். அவரோட ரிப்போர்ட்டெல்லாம் இதுல இருக்கு, உதவுமேன்னு எடுத்துண்டு வந்தேன்" என்றார். நான் நன்றி வேறு சொன்னேன்.

பாவி, இப்படியாடா செய்வாய்?

நாற்பது வருடப் பழக்கத்தில் நமக்கு ஒத்துப்போன விஷயங்கள் குறைவு. நோயில் மட்டும் ஒத்துப்போனோம். ஆறு மாத இடைவெளியில் இருவருக்கும் புராஸ்டேட் புற்றுநோய், இருவருக்கும் எலும்பு வரை போயிருந்தது. முதலில் மாட்டியவன் நீ. நான் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "அசடே, அந்தக் காலம் இல்லடா இது. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி, தினம் மாத்திரை. சர்க்கரை வியாதி மாதிரி வெச்சிண்டே வண்டியை ஓட்டலாம்" என்றாய். ஊசி போட்ட பிறகு நட்டநடு மார்கழியில் உடம்பு குப்பென்று வியர்த்தபோது, "ஆத்துல அவா மாதவிடாய் நின்னப்போ பட்டதை இப்ப நாம படறோம், அனுபவி" என்று சிரித்தாய். காலையில் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்பதால், இருவரும் காபி இல்லாத கோபத்தோடு லஸ் பூங்காவைச் சுற்றி வருவோம்.

பி.எஸ்.ஏ. என்ற அந்த எண்தான் நமக்கு எமன். இறங்கினால் நோய் அடங்கியிருக்கிறது, ஏறினால் மருந்து தோற்கிறது. அவரவர் சீட்டை அவரவர் பிரிக்கத் தைரியம் இல்லாமல் நாம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். என் கவரை நீ பிரித்து எண்ணைச் சொல்ல வேண்டும், உன்னுடையதை நான். பரிசோதனைக்கூடம் உன் தெருவிலேயே இருந்ததால் இரண்டையும் வாங்கி வருவது உன் வேலை. புற்றுநோய் வந்த நம் அப்பாக்களுக்குக் கடைசி நாள் வரை "வெறும் வீக்கம்தான்" என்று சொல்லியே வழியனுப்பியவர்கள் நாம். நமக்குள் அந்த நாடகம் வேண்டாம் என்று பூங்கா பெஞ்சில் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தவன் நீதான்.

உன் சீட்டில் எப்போதும் புள்ளி மூன்று. "மறுபடியும் புள்ளி மூணாடா?" என்று கேட்டால், "நன்னா படிக்கிற பையன், மார்க் மாறாது" என்பாய். எனக்கு வயிறு குளிரும். அவனுக்கு அடங்கினால் எனக்கும் அடங்கும் என்று அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிடுவேன்.

அந்தச் சீட்டு இந்தப் பைக்குள் இருக்கிறது. தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில், மடிப்பெல்லாம் நைந்துபோய். ஒரே சீட்டு! நான்கு முறை என்னிடம் நீட்டியது அதையேதான். நிஜச் சீட்டுகள் ஃபைலுக்குள் வரிசையாக இருக்கின்றன. இருபத்தேழு, பதினொன்று, நான்கு, அறுபது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம், எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் தேதியைப் பார்த்தவன் நான். உன் காகிதத்தில் பார்க்கவில்லை. சிநேகிதன் நீட்டும் காகிதத்தில் எவன் தேதி பார்ப்பான்?

உடனே உன் மனைவிக்குப் போன் செய்தேன். போன வருடம் மூன்று தடவை நீ ஒரு வாரம் நடக்க வராமல், கொட்டிவாக்கத்தில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னாயே, அதைக் கேட்டேன்.

"கொட்டிவாக்கமா? ஆத்துலதான் இருந்தார், மாடி ரூம்ல. அந்தக் கதிரியக்க ஊசி போட்டுண்டா கொஞ்ச நாள் குழந்தைகளைக் கிட்ட விடப்படாதுன்னுட்டா. உங்களுக்குத் தெரியாதா? உங்ககிட்ட சொல்லியாச்சான்னு நானே அவரைக் கேட்டேனே. சொல்லிட்டேன்னாரே!"

உன் மனைவியிடமும் பொய். நான் ஏதோ மழுப்பிவிட்டுப் போனை வைத்தேன்.

அந்த ஊசியைப் பற்றி நீ ஒரு நாள் எனக்குப் பாடமே நடத்தினாய், ஞாபகம் வருகிறது. "புதுசா ஒண்ணு வந்திருக்குடா. மருந்து ரத்தத்துல போய், அந்த செல் எங்கெங்க ஒளிஞ்சிண்டிருக்கோ தேடி ஒட்டிண்டு, அதைப் பொசுக்கறதாம். பேப்பர்ல போட்டிருந்தான்." கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் ஆயிற்றே என்று வாயைப் பிளந்து கேட்டேன். அப்போது அந்த மருந்து உன் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு ஊசிக்கு எண் இறங்கியிருக்கிறது. உனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! அதைக்கூட எனக்குத் தராமல் விழுங்கிவிட்டாய். பிறகு மறுபடி ஏறியிருக்கிறது. மாடி அறையில் தனியாக என்னென்ன யோசித்தாயோ. கீழே கேட் வரை வந்தாவது நின்றிருப்பேனே! காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நான்காம் நாள் போய்விட்டாய். நோயை அடக்கியவன் பாழாய்ப்போன காய்ச்சலில் போனானே என்று மயானத்தில் அழுதேன். அந்த அழுகைகூட உன் பொய்க்கு அழுததுதான்.

காரணம் என் யூகம்தான். ஆரம்பத்தில் ஒரு நாள், "உனக்கு இந்த மாத்திரை கேக்காம போச்சுன்னா நானும் தூக்கிப் போட்டுடுவேன்" என்று உளறினேன். அதைப் பிடித்துக்கொண்டாய். இவன் பயந்தாங்கொள்ளி, தாங்கமாட்டான் என்று நீயாக முடிவு கட்டினாய். நம் அப்பாக்களுக்கு நாம் செய்ததை எனக்குச் செய்தாய். என்னை நல்லபடியாக மாத்திரை சாப்பிட வைத்தாய், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக உன்னை மன்னிக்க முடியவில்லை.

போன மாதம் என் எண்ணும் ஏறிவிட்டது. நேற்று ஆஸ்பத்திரியில் அதே ஊசிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், என் வயதுதான், முழங்கால் ஆட ஆட உட்கார்ந்திருந்தார்.

"மாத்திரை இனிமே கேக்காதுன்ட்டாங்க சார். உள்ள போறதுக்கே பயமா கீது. உங்க நம்பர் இன்னா சார்?"

ஒரு சின்ன எண் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்துவிட்டது.

"ஐம்பத்தெட்டு" என்றேன். "எனக்கும் மாத்திரை கேக்கலை பாய். என் சிநேகிதன் இந்த ஊசி போட்டுண்டான். கொஞ்ச நாள் நன்னா கேட்டுது. அப்புறம் கேக்கலை, போயிட்டான். எனக்கு எப்படிப் போகும்னு தெரியாது. போட்டுக்கறதுன்னு வந்திருக்கேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் ஆட்டம் நின்றது.

"செரி சார். நீங்க முன்னால போங்க. பின்னாலயே நான் வர்றேன்."

இவ்வளவுதான்டா. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பெயர்கூடத் தெரியாத மனுஷர் தாங்கிக்கொண்டார். நாற்பது வருடம் கூடவே நடந்த என்னைத்தான் நீ நம்பவில்லை.