நீலப் பெட்டி செய்தவளுக்கு

நேற்று என் மகள் ஒரு தடித்த புத்தகத்தோடு ஊருக்கு வந்து இறங்கினாள். இன்றைக்கு உலகத்தில் எங்கெங்கோ பெட்டிக்கும் புத்தக அட்டைக்கும் சுவரொட்டிக்கும் வடிவம் போடுகிறவர்களைப் பற்றி, இரண்டு பேர் மூன்று பேராகச் சேர்ந்து சொந்தமாக நடத்தும் சின்னச் சின்ன ஸ்டுடியோக்களைப் பற்றிய புத்தகமாம். "அம்மா, இந்தப் பக்கத்தைப் பாரேன்" என்று விரித்து நீட்டினாள். நான் பார்க்கவில்லை. மூக்கைக் கொண்டுபோய் நடுப்பக்கத்தில் வைத்தேன். புது மையின் வாசம் குப்பென்று ஏறியது. "என்னம்மா, தோசையா அது, மோந்து பாக்குற?" என்று சிரித்தாள். அது என் பழக்கமே இல்லை தோழி, உன்னுடையது. அச்சடித்த எதைக் கொடுத்தாலும் கண்ணுக்கு முன்னால் மூக்கைக் கொடுக்கிறவள் நீ.

எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில் அந்த பேண்டேஜ் கம்பெனியில், நாம் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நான் ஆபீசில் டைப்பிஸ்ட். நீ பேக்கிங்கில் லேபிள் ஒட்டுகிறவள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால், பசை காய்ந்த விரலால் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன் ஏதாவது ஒரு காகிதத்தை விரித்து வைப்பாய். சோப்பு உறை, தீப்பெட்டி லேபிள், மில்லில் நூல்கண்டுக்கு ஒட்டும் சீட்டு, எதுவானாலும் சரி. "ஏட்டி, இந்த ரோஸ் பக்கத்துல பச்சைய வச்சிருக்காவ பாரு. எம்புட்டு தைரியம்!" என்பாய். எனக்கு ரோஸும் பச்சையும்தான் தெரியும். தைரியம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே தயிர்சாதத்தைத் தின்பேன்.

உன் வீட்டு மரபீரோவின் உள்கதவு முழுக்க இவற்றைத்தான் ஒட்டி வைத்திருந்தாய். "பட்டுச்சேலை வைக்கிற பீரோவ குப்பத்தொட்டி ஆக்கிட்டா, நீயாச்சும் கேளு" என்று உன் அம்மா என்னிடம் முறையிடுவார்கள். நான் கேட்பதற்குள் நீ கேட்டுவிடுவாய். "இதெல்லாம் யாரோ ஒருத்தர் உக்காந்து யோசிச்சுப் போட்டதுதானட்டி? அவிய எங்க இருக்காவ? நம்மள மாதிரி டவுன் பஸ்ல போவாவளா?"

எனக்கு அதுவரை அப்படி ஒரு நினைப்பே வந்ததில்லை. அச்சாபீசில் மழைக்குக் காளான் முளைப்பதுபோல இதெல்லாம் தானாக முளைக்கிறது என்று இருந்துவிட்டேன்.

பிறகு அந்தப் பால்கோவாப் பெட்டி வந்தது. பட்டாளத்தில் இருந்த என் அண்ணன் லீவு முடிந்து போகும்போது, கூட இருப்பவர்களுக்குக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கி வந்தான். அந்த ஊர்ப் பெட்டி எதை எடுத்தாலும் கோபுரம் இருக்கும், இல்லாவிட்டால் பசுமாடு இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. வெறும் பால் வெள்ளை. நடுவில் கடையின் பேர், கரண்டியால் ஊற்றி இழுத்தமாதிரி தடித்த எழுத்தில். அடியில் சுற்றிலும் மெல்லிய பழுப்புக் கோடு. பால் சுண்டும்போது சட்டி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுமே, அதே பழுப்பு.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நீ அதைக் கையில் வாங்கினாய். அப்புறம் பால்கோவாவை அப்படியே தட்டில் கவிழ்த்துவிட்டு வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்விட்டாய். "ஏம்மா, பெட்டியத் திங்கப் போறியா?" என்று அண்ணன் கேட்டது உன் காதில் விழவே இல்லை. அடிப்பக்கத்தைத் திருப்பியவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாய். எறும்பு அளவு எழுத்தில் 'வடிவமைப்பு: ரெட்டைச் சன்னல்' என்று இருந்தது. கீழே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தெருவின் பேர்.

"பேரு போட்டிருக்குட்டி" என்றாய். பம்பாய், டெல்லி என்று எங்கேயோ இருப்பார்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருந்த ஆட்கள், நாம் தேர் பார்க்கப் போகிற ஊரில் இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டோம். பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகிறோம் என்று நான் முகமெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு வந்தேன். போய்ப் பார்த்தால் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடியறை, தெருவைப் பார்த்த இரண்டு சன்னல்கள். கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்த ஓர் அக்கா, கைலி கட்டித் தரையில் உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரர், அவ்வளவுதான் ஸ்டுடியோ. எஸ்தர் அக்கா என்று பேர் சொன்னார். இருவரும் மெட்ராசில் ஓவியம் படித்தவர்கள், பம்பாயில் விளம்பரக் கம்பெனியில் இருந்தவர்கள், யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று ஊருக்கே திரும்பியவர்கள்.

அறையின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. துணி காயப்போடுவதுபோல கிளிப் மாட்டிப் பால்கோவாப் பெட்டிகள் தொங்கின. கோபுரம் போட்டது, மாடு போட்டது, சிவப்பு, மஞ்சள், எழுத்து சாய்ந்தது, எழுத்து மெலிந்தது.

"இம்புட்டும் ஒரே பெட்டிக்கா?" என்று கேட்டாய்.

"ஒரே பெட்டிக்குத்தான். சரியா வந்தது கடைக்குப் போயிருச்சு. சரியா வராததெல்லாம் எங்ககூடயே இருக்கு" என்று அக்கா சிரித்தார்.

அப்புறம் பரண்மேலிருந்து ஒரு பெரிய அட்டைப்பையை இறக்கினார். அதற்குள்ளே இருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. கல்கத்தாவில் யாரோ செய்த புத்தக அட்டைகள். அகமதாபாத்தில் மூன்று பேர் சேர்ந்து செய்த காலண்டர், தேதிகளைத் தவிர ஒன்றும் இல்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஜப்பானில் ஓர் அம்மா தன் வீட்டிலேயே உட்கார்ந்து போட்ட சுவரொட்டி, ஒரே ஒரு சிவப்பு மீன். "இவங்கள எல்லாம் நாங்க பாத்ததே இல்ல. ஆனா அடுத்த வீட்டுல இருக்க மாதிரிதான்" என்றார் அக்கா. நீ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே குனிந்து குனிந்து பார்த்தாய். விரல் பசை பட்டுவிடுமோ என்று பயம். ஒவ்வொன்றையும் கிட்டத்தில் போய் முகர்ந்தும் பார்த்தாய். கைலிக்காரர் ஆச்சரியப்பட்டுக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நீ அழுதாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என்னட்டி ஆச்சு?" என்றேன். "இம்புட்டு பேரு இருக்காவட்டி. எனக்கு மட்டுந்தான் இந்தக் கிறுக்குன்னு இத்தன நாளு நெனச்சிருந்தேன்" என்றாய்.

அன்றிலிருந்து கிடைத்த அட்டையிலெல்லாம் நீயே டிசைன் போட்டுப் பார்த்தாய். கொஞ்ச நாளில் முதலாளி புதுப் பெட்டி அடிக்கப்போவதாகப் பேச்சு வந்தது. வழக்கம்போல சிவகாசி அச்சாபீசின் மாதிரி ஆல்பத்தைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டுவார், கீழே கம்பெனி பேர் ஏறும், அதோடு முடிந்தது. எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "முதலாளி, லேபிள் ஒட்டுற பொண்ணு நல்லா டிசைன் போடுவா" என்று சொல்லிவிட்டேன். அவர் உன்னைக் கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்தார். "போடு. பிடிச்சிருந்தா ஆபீஸ்ல ஒரு மேஜை தாரேன். இனி பெட்டி, லேபிள் எல்லாம் உன் வேலை. பிடிக்கலைன்னா பசை வாளிதான், பொறவு இந்தப் பேச்சே எடுக்கப்பிடாது. ஆனா லட்சுமி படம் கட்டாயம் இருக்கணும்" என்றார்.

நீ வாயை மூடிக்கொண்டு வரக் கூடாதா? "ஆஸ்பத்திரில இதக் கிழிச்சு ரத்தப் பஞ்சோட ஒரே வாளில போடுவாவ முதலாளி. லட்சுமிய அதுலயா போடச் சொல்றீய?" என்றாய். வேலை போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

நீ கொண்டுவந்த பெட்டி வெள்ளையாக இருந்தது. பளீரென்ற வெள்ளை, ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. ஆபீசே எழுந்து வந்து பார்த்தது. முதலாளியும் தலையாட்டினார். அப்புறம், துணி வியாபாரி அல்லவா, ஒரு பேண்டேஜ் சுருளை எடுத்து அந்த அட்டைமேல் விரித்தார். கோபம் வந்தால் அவர் வீட்டுத் தெலுங்குக்குத் தாவிவிடுவார். "ஏமம்மா இதி? என் துணி அழுக்கா தெரியுது!" என்று கத்தினார். பொய் இல்லை. அந்த வெள்ளை அட்டைக்கு முன்னால் நம் துணி பழைய வேட்டி மாதிரி மஞ்சளடித்துக் கிடந்தது.

"வெள்ளிக்கிழமை சிவகாசி போறேன். அதுக்குள்ள வேற கொண்டாந்தா பாக்கேன். இல்லைன்னா ஆல்பம்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மேஜையில் கிடந்த சுருளை எடுத்து நீ பையில் போட்டுக்கொண்டாய்.

பஸ் ஸ்டாண்டில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "அந்தப் பால்கோவாப் பெட்டியப் பாத்துதானே கெட்டுப்போன! அவிய வெள்ளையில செஞ்சா நீயும் வெள்ளையில செய்யணுமா, கூறுகெட்டவளே!" என்று ஏசினேன். நீ பையிலிருந்து அந்தத் துணிச்சுருளை எடுத்தாய். என் நீலச்சேலையின் முந்தானையை வெடுக்கென்று இழுத்து அதன்மேல் விரித்தாய்.

"விடுட்டி, ஊரே பாக்கு!" என்று நான் பதறினேன்.

"செத்த நேரம் சும்மா நில்லு. துணியப் பாரு."

பார்த்தேன். அதே துணிதான். கண் கூசுகிற வெள்ளையாக இருந்தது.

"பஞ்சு உருளைக்கு நீலத்தாள் எதுக்குச் சுத்துறோம்னு ஒருநாளாவது கேட்டிருப்போமாட்டி? தெனமும் பேக்கிங்குல நாங்க கையாலதான சுத்துறோம்" என்றாய். கொஞ்சம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல், "அவிய பாலப் பாத்தாவ. நான் பெட்டியப் பாத்துட்டேன்" என்றாய். அந்த நிமிஷம் உன்னைப் பார்த்து எனக்கு ஒரு பயம் வந்தது. கோயிலில் தீபாராதனை காட்டும்போது வருமே, அப்படிப்பட்ட பயம். கூடவே சோறு தின்கிறவள்தான், ஆனால் என் கண்முன்னே வேறு யாராகவோ ஆகிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் இடத்தில் போய் நின்றாய். நர்சுகளுக்கு ஒரு கை புண்ணை அழுத்திக்கொண்டிருக்கிறது, மிச்சம் ஒரு கைதான் என்று கண்டுபிடித்து வந்தாய். வெள்ளிக்கிழமை காலையில் நீ வைத்த பெட்டியும் உள்ளே இருந்த பொட்டலமும் ஆழ்ந்த நீலம். துணியின் அளவு மட்டும் பெரிய வெள்ளை எழுத்தில், தூரத்திலிருந்தே தெரியும்படி. பொட்டலத்தைக் கிழிக்க வேண்டிய மூலையில் ஒரு வெள்ளை முக்கோணம். முதலாளி துணியை அதன்மேல் வைத்தார். வெளியே வெயிலுக்கு எடுத்துப்போனார், திரும்ப உள்ளே வந்தார். "தும்பைப்பூ மாதிரி இருக்கே!" என்றார். உடனே, "என் கம்பெனி பேரு எதுக்கு இம்புட்டு சின்னதா?" என்று குறைப்பட்டார்.

"நர்சுக்கு அளவுதான் முதலாளி அவசரம்" என்றாய்.

மேஜை கிடைத்தது. சன்னலோர மேஜை. அன்றைக்கே நீ இன்னொன்றும் கேட்டாய், பெட்டி அடியில் எறும்பு அளவில் உன் பேர். "அப்ப நெய்தவன் பேரு, வெளுத்தவன் பேரு எல்லாம் போட வேண்டாமா?" என்றார் முதலாளி. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நீயோ, "அதுவும் நியாயந்தான்" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மாடிக்கு நீ எடுத்துப்போனது நீலப் பெட்டியை மட்டும் இல்லை, அந்த வெள்ளைப் பெட்டியையும். நடந்ததை முழுக்கச் சொன்னாய். எஸ்தர் அக்கா துணியை நீலத்தின்மேல் வைத்துப் பார்த்தார், வெள்ளையின்மேல் வைத்துப் பார்த்தார். "ஏங்க, இங்க வந்து பாருங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் ஒரு கிளிப்பை எடுத்து உன் வெள்ளைப் பெட்டியைக் கயிற்றில், தங்கள் பெட்டிகளுக்கு நடுவில் மாட்டினார். மேஜை கிடைத்தபோதுகூட உன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் தொண்ணூறுகள் முழுக்க எத்தனையோ பெட்டி செய்தாய். நான் கல்யாணமாகிப் போனேன், பிள்ளை பெற்றேன். ஊருக்கு வந்தால் முதலில் உன் மேஜையைத்தான் பார்ப்பேன். அந்தப் பாழாய்ப்போன வியாதி வந்து மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தபோது நான்தான் கூட இருந்தேன். ஒரு காலையில், கட்டு மாற்ற இளவயசு நர்ஸ் ஒருத்தி வந்தாள். இடதுகையால் புண்ணை அழுத்திப் பிடித்தாள். வலதுகை தட்டுக்குள் போனது, நீலப் பொட்டலத்தை எடுத்தது, கட்டைவிரல் வெள்ளை முக்கோணத்தில் பட்டது, கிழிந்தது. அவள் கண் உன் புண்ணைவிட்டு நகரவே இல்லை.

வலியில் முறுக்கிக்கொண்டிருந்த நீ என் பக்கம் திரும்பினாய். "பாத்தியாட்டி? அவ பாக்கவே இல்ல. கை தானா போவுது" என்றாய். சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாய். நான் அந்த நர்சிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாய். "சும்மா இரு. அவ வேலையப் பாக்கட்டும்."

நான் யார் பேச்சையும் கேட்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்குக் கேட்டேன்.

நீ போன மறுநாள் உன் துணிமணிகளை எடுக்க வார்டுக்குப் போனேன். அந்த நர்ஸ் இருந்தாள். தட்டிலிருந்து ஒரு நீலப் பொட்டலத்தை எடுத்துக் காட்டி, "அந்தக் கட்டில்ல இருந்தாளே, இத அவதான் செஞ்சா" என்றேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் பொட்டலத்தை முன்னும் பின்னும் திருப்பித் தேடினாள். "பேரே போடலையேக்கா?" என்றாள். நான் உன் பேரைச் சொன்னேன். அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இனிஷியல் என்ன என்று கேட்டு, அதையும் சேர்த்து இன்னொரு தடவை சொன்னாள். பக்கத்து வார்டில் யாரோ கூப்பிட்டார்கள், ஓடிப்போனாள்.

அன்றிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், நீலப் பெட்டி கண்ணில் பட்டால் அங்கே இருக்கிறவர்களிடம் உன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். நீ சும்மா இருக்கச் சொன்னது அந்த ஒரு நாளைக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.